மான்குர்த் கழிக்குக் காவல் யார்?

கடலுக்கு வேலி ஏது என்று கேட்பது ஊர்ப் பக்கத்து வழக்கம். மான்குர்தில் கடலுக்கு வேலி உண்டு. அது கம்பி கட்டிய வேலி அல்ல. சேற்றில் கால் ஊன்றி நிற்கும் மரவேலி. ஹார்பர் லைன் வண்டி மான்குர்த் ஸ்டேஷனை விட்டு வாஷி பாலத்தை நெருங்கும்போது பச்சைப்பசேல் என்று பரந்து கிடப்பது அந்த வேலிதான். காலை வண்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாவுக்கும், ஷிப்டு முடிந்து கண்ணயர்ந்து வரும் தொழிலாளிக்கும் அதைப் பார்க்க நேரம் இருப்பதில்லை. பார்த்தாலும், உப்புத் தண்ணீரில் முளைத்த உதவாத புதர் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

உதவாத புதர் அல்ல அது. கடல் ஏற்றத்தின் வேகத்தைத் தணித்து, கரையோரக் குடிசைகளைக் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு. கோலி மீனவர் வீட்டு அடுப்பு எரிவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்த மரங்களையும், அவற்றின் ஊடே ஏறி இறங்கும் தண்ணீரையும் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. ஐகோர்ட்டின் தீர்ப்பு இருக்கிறது. அரசாங்கத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. இவ்வளவு இருந்தும் இரவில் லாரி வந்து மண் கொட்டிவிட்டுப் போவது முற்றிலும் நின்றபாடில்லை. ஏன்? கரையில் வாழ்கிறவர்கள் அந்தக் கழியைத் தம்முடையது என்று இன்னும் கருதவில்லை. கருதும்படி அவர்களை யாரும் விட்டதும் இல்லை.

மான்குர்த், கோவண்டி, சீத்தா கேம்ப், டிராம்பே பகுதிகளில் வாழும் தமிழர்கள் பலருக்கு இது வெறும் மரம், பறவை பற்றிய பேச்சு அல்ல. குடியிருக்கும் வீடு நிலைக்குமா என்பதோடு பின்னிக்கிடக்கும் பிரச்சினை.

இரண்டு தண்ணீர் கலக்கும் இடம்

இங்குள்ளவர்கள் 'காடி' என்று சொல்லும் இந்த உப்பங்கழிக்குத் தாணே கழி என்று பெயர். சுமார் 26 கிலோமீட்டர் நீளம். வடக்கே உல்லாஸ் ஆற்றோடு தொடர்பு. தெற்கே மும்பைத் துறைமுகத்துக் கடல். ஒரு பக்கம் மும்பை, மறுபக்கம் நவி மும்பை. கடல் தண்ணீரும் நிலத்துத் தண்ணீரும் கலக்கும் இடம் இது. நாளொன்றுக்கு இரு முறை தண்ணீர் ஏறுகிறது. இரு முறை வடிகிறது. வடியும்போது கரு நிறச் சேறு வெளியே தெரிகிறது. அந்தச் சேற்றில்தான் நண்டும், சிப்பியும், புழுவும், பாசியும் வளர்கின்றன.

கரையில் நிற்பவை அலையாத்தி மரங்கள். மராத்தியில் 'திவர்' என்பார்கள். அலையை ஆற்றுகிற மரம் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பொருள் சொல்வோரும் உண்டு. தமிழருக்கு இந்த இனம் புதிதல்ல. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. பிச்சாவரத்தில் படகேறிச் சுற்றிப் பார்த்தவர்கள் இம்மரங்களை அறிவார்கள்.

மற்ற மரங்கள் உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் நின்றால் கருகிவிடும். அலையாத்தியோ உப்பை இலை வழியே வெளியேற்றிவிட்டு நிற்கிறது. சேற்றுக்குள் காற்று இல்லாததால், அதன் வேர்கள் பென்சில் முனைபோல் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடுகின்றன. அந்த வேர்களின் நடுவே மீன் குஞ்சும் இறால் குஞ்சும் பெரிய மீனுக்கு இரையாகாமல் ஒளிந்து வளர்கின்றன. உதிர்ந்த இலை மக்கி அவற்றுக்கு உணவாகிறது. கொடுவா, மடவை, இறால், சேற்று நண்டு என்று மார்க்கெட்டில் தமிழர் வீட்டுப் பெண்கள் பேரம் பேசி வாங்கும் பல வகைகளுக்கு இத்தகைய கழிகளே தொட்டில்.

இந்த மூச்சு வேர்கள்தான் மரத்தின் பலமும் பலவீனமும். அவற்றின்மீது ஒரு சாண் மண் விழுந்தால் மூச்சு அடைபடும். பிளாஸ்டிக் பைகள் வந்து போர்த்தினாலும் அதே கதிதான். ஏற்றத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்துவிட்டாலோ கோடரியே தேவையில்லை. மரம் தானே பட்டுப்போகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் தந்திரம் எளிதில் விளங்கும்.

நகரம் ஒதுக்கிய கரை

மும்பை நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் கிழக்குக் கரைக்கு அனுப்பி வந்திருக்கிறது. தேவ்னார் குப்பைமேடு 1927-லிருந்து நகரத்தின் குப்பையைத் தாங்கி வருகிறது. கழியின் ஓரத்திலேயே அமைந்த அந்த மேட்டிலிருந்து கசியும் அழுக்கு நீருக்குக் கழியே வடிகால். 2016 ஜனவரியில் அந்தக் குப்பை தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தபோது, சுற்றியிருந்த பள்ளிக்கூடங்களை மூட வேண்டி வந்தது. 1950-களில் மாஹுல் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. காட்கோபர், பாண்டுப் கழிவுநீர் நிலையங்களின் தண்ணீரும் இந்தக் கழியில்தான் சேருகிறது. இப்போது காட்கோபர், பாண்டுப், தாராவி உள்ளிட்ட 7 இடங்களில் புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது.

குப்பையையும் எண்ணெயையும்போல மனிதர்களும் இந்தக் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். அணுசக்தி நிலையத்தை ஒட்டி இருந்த ஜனதா காலனி, தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த குடியிருப்பு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், அது தரைமட்டமாக்கப்பட்டது. அங்கிருந்தவர்களுக்கு மாற்றிடமாகக் கிடைத்தது கழியோரத்துச் சதுப்பு நிலம். அதுவே இன்றைய சீத்தா கேம்ப். மண்ணைச் சுமந்து கொட்டி, தண்ணீரை விரட்டி, தங்கள் கையாலேயே ஒரு ஊரை அவர்கள் உருவாக்கினார்கள். கழியை அழித்தவர்கள் என்று இவர்களை இன்று யாராவது குற்றம் சொன்னால், இவர்களைக் கழிக்குள் தள்ளியது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2010 ஆகஸ்டு 7-ந் தேதி மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே எம்.எஸ்.சி. சித்ரா, கலீஜியா என்ற இரு கப்பல்கள் மோதின. சுமார் 800 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அலையாத்தி வேர்களில் கறுப்பாகத் தார் பூசினாற்போல எண்ணெய் படிந்தது. மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். எங்கோ நடுக்கடலில் நடந்த விபத்து கழியோரத்து மீன்காரியின் கூடையில் வந்து விடிந்தது.

வெள்ளம் கற்பித்த பாடம்

2005 ஜூலை 26-ஐ மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ளவே, மழைத்தண்ணீர் வடிய வழியில்லை. தாராவி, குர்லா பகுதிகளை ஒட்டி ஓடும் மித்தி ஆறு கரை மீறியது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. ஆற்றை நெருக்கியதும், சதுப்பு நிலங்களை மண் கொட்டி மூடியதும் எவ்வளவு பெரிய தவறு என்பதை அன்று நகரம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று தெரிந்துகொண்டது.

சட்டம் அதற்கு முன்பே இருந்தது. 1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டு, அலையாத்திக் காடுகளை மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் சேர்த்திருந்தது. ஆனால் ஏட்டில் இருந்த அளவுக்குக் கரையில் இல்லை. பம்பாய் சுற்றுச்சூழல் செயல்பாட்டுக் குழு என்ற அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில், 2005 அக்டோபர் 6-ந் தேதி பம்பாய் ஐகோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது. மகாராஷ்டிரம் முழுவதும் அலையாத்தியை வெட்டுவதும், அதன்மேல் மண்ணோ குப்பையோ கொட்டுவதும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதும் தடை செய்யப்பட்டன. நிலம் யாருடைய பெயரில் இருந்தாலும் இதுவே விதி.

அந்த வழக்கின் இறுதித் தீர்ப்பு 2018 செப்டம்பர் 17-ல் வந்தது. அலையாத்தியை அழிப்பது, அரசியல் சட்டம் 21-வது பிரிவில் மக்களுக்கு அளித்துள்ள வாழும் உரிமையையே மீறுவது என்று நீதிபதிகள் கூறினர். அழிந்த இடத்தில் மீண்டும் வளர்ப்பது அரசின் கடமை என்றும் விதித்தனர். இதற்கிடையே 2012 ஜனவரியில் மகாராஷ்டிர வனத்துறையில் அலையாத்திக்கென்றே தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் கழியின் 1,690 ஹெக்டேர் பரப்பு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியலில் தாணே கழி இடம் பெற்றது. குளிர்காலம் தொடங்கி மழைக்கு முன்பு வரை கழியில் ரோஜா நிறப் போர்வை விரித்தாற்போல் நிற்கும் பூநாரைக் கூட்டத்துக்கு இன்று உலகப் புகழ்.

நிலம் விற்கும் தந்திரம்

இத்தனை காவல் இருக்கும்போது கழி எப்படிக் குறைகிறது? வழி மிகவும் எளிது. நகரத்தில் எங்கோ ஒரு பழைய கட்டடம் இடிபடுகிறது. இடிபாட்டு மண்ணை முறையான இடத்துக்கு எடுத்துப்போகச் செலவு அதிகம். லாரிக்காரர் இருட்டில் கழியோரத்தில் கொட்டிவிட்டுப் போகிறார். முதலில் ஏற்றத் தண்ணீர் நுழையும் வாய்க்கால் அடைபடுகிறது. சில மாதங்களில் உள்ளே நிற்கும் மரங்கள் பட்டுப்போகின்றன. பிறகு "இங்கே அலையாத்தியே இல்லையே" என்று சொல்வது சுலபம். மேலும் மண் விழுகிறது. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பதினைந்து என்று சுண்ணாம்புக் கோடு போடப்படுகிறது. அதன் பிறகு தரகர் வருகிறார்.

தரகர் தேடுவது பணக்காரரை அல்ல. ஊரிலிருந்து புதிதாக வந்தவர், வாடகை கொடுத்து மாளாதவர், பெண்ணின் கல்யாணத்துக்கு முன் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று ஏங்குகிறவர், இவர்களைத்தான் தேடுகிறார். திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ இருந்த கால் ஏக்கரை விற்ற பணமும், மனைவியின் தாலிச் சங்கிலியும் கைமாறுகின்றன. பதிலுக்குக் கிடைப்பது முத்திரைத் தாளில் எழுதிய ஒரு துண்டு. அந்தத் துண்டு எந்தச் சபையிலும் செல்லாது. அரசாங்கத்தின் காப்புக் காட்டு நிலத்தை விற்கத் தரகருக்கு ஏது உரிமை?

பெரிய ஏற்ற நாளில் முதலில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. அடுத்து புல்டோசர் வருகிறது. 2004 கடைசியிலும் 2005 தொடக்கத்திலும் மும்பையில் பல்லாயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டபோது, மான்குர்த் மண்டாலா பகுதியும் தப்பவில்லை. மண் கொட்டிய லாரிக்காரரின் லாரி அங்கே இருப்பதில்லை. பணம் வாங்கிய தரகரின் வீடு அங்கே இருப்பதில்லை. நிற்பது வாங்கிய ஏழை மட்டுமே. சட்டத்தை மீறியவர் என்ற பெயரும் அவருக்கே.

இதில் ஒரு நியாயமான மனக்குறையும் உண்டு. குடிசைக்காக மண் விழுந்தால் குற்றம்; பெரிய திட்டத்துக்காக வெட்டினால் பொதுநன்மை என்கிறார்கள். புல்லட் ரயில் பாதைக்காகச் சுமார் 20,000 அலையாத்திகளை வெட்ட 2022 டிசம்பரில் பம்பாய் ஐகோர்ட் அனுமதி அளித்தது. பொதுநன்மைக்கு இன்றியமையாதது என்று கோர்ட் ஏற்றுக்கொண்டால் வெட்டலாம் என்பது 2018 தீர்ப்பிலேயே உள்ள வாசகம். வெட்டியதற்கு ஈடாக வேறிடத்தில் நடுவதற்கும் நிபந்தனை உண்டு. ஆனாலும், பெரியவர்களுக்கு மனுப் போட வழி இருக்கிறது, சிறியவர்களுக்கு இடிபாடு மட்டுமே இருக்கிறது என்ற எண்ணம் குடிசைவாசியின் மனத்தில் எழுவது இயல்பே. அந்த எண்ணம் நியாயமானதுதான். ஆனால் அதைச் சொல்லி, இன்னொரு ஏழையின் பணம் சேற்றில் புதைவதை வேடிக்கை பார்ப்பது நியாயம் ஆகாது.

கோலிகள் வைத்துள்ள கட்டுப்பாடு

மும்பையின் பூர்வகுடிகளான கோலி மீனவர்கள் டிராம்பே கோலிவாடாவில் இன்றும் வாழ்கிறார்கள். கழியைக் காப்பது எப்படி என்று யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆடி ஆவணி மழைக் காலத்தில் படகைக் கரையேற்றி வலையைச் செப்பனிடுவார்கள். ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி வரும் நாரளி பூர்ணிமாவன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்த பிறகே மறுபடி தொழிலுக்கு இறங்குவது வழக்கம். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் அதைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற அறிவு அந்த வழிபாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று மேற்குக் கடலில் மத்திய அரசு ஜூன் 1 முதல் 61 நாள் விதிக்கும் மீன்பிடித் தடையும் அதே அறிவின் சட்ட வடிவமே. கிழக்குக் கடற்கரையில் இந்தத் தடை ஏப்ரல் 15-ல் தொடங்குவதைத் தமிழ்நாட்டு மீனவர் வீட்டார் அறிவார்கள்.

கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறவர்களுக்கே உரிமை கேட்கும் குரலும் வலுவாக இருக்கும். மான்குர்துக்கும் வாஷிக்கும் இடையே மூன்றாவது சாலைப் பாலம் கட்டத் திட்டமிட்டபோது, மரியாயி மச்சிமார் சகாரி சன்ஸ்தா என்ற மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஐகோர்ட்டுக்குப் போனது. கழியில் பாரம்பரியமாக மீன் பிடிக்கிறவர்களின் பிழைப்பு இதனால் கெடும், அதற்கு ஈடு வேண்டும் என்பது வாதம். பட்டா இல்லாத தண்ணீருக்கு நஷ்ட ஈடா என்று ஏளனம் செய்தவர்கள் இருக்கலாம். ஆனால் 2021 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு மீனவர்களின் பக்கம் நின்றது. பாதிக்கப்படும் மீனவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும், அதற்கு மாநிலம் முழுமைக்கும் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று கோர்ட் கூறியது. நிலத்துக்குப் பத்திரம் இருப்பதுபோல், தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழிலும் ஒருவகைப் பத்திரமே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

ஊரில் இருந்த வழக்கம்

இத்தகைய கட்டுப்பாடு தமிழருக்குப் புதிதா? ஏரி, குளம், கால்வாய்களை ஊர் மக்களே கூடித் தூர்வாரும் குடிமராமத்து முறை தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வராத வீட்டுக்கு அபராதம். குளம் யாருடைய சொத்து என்று யாரும் கேட்கவில்லை. மடை திறந்தால் தன் வயலுக்கும் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற முறை வழங்கி வருகிறது. இறால் கிடைக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சாதாரண இடம். ஒரே இடத்தில் எல்லோரும் வலை போட்டுச் சண்டையிடுவதையும், ஏரியைச் சுரண்டித் தீர்ப்பதையும் இது தடுத்தது. முறைக்குள் சேர்க்கப்படாதவர்களின் மனத்தாங்கலும் அங்கே உண்டு. குறையில்லாத ஏற்பாடு என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் போலீசும் கோர்ட்டும் இல்லாமலே ஒரு நீர்ப்பரப்பை மக்கள் கட்டிக்காக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

பிச்சாவரத்தின் கதை இன்னும் நெருக்கமானது. அங்கே பல ஆண்டுகள் மரங்களைக் கூண்டோடு வெட்டியதால் நிலம் குழிந்து, தேங்கிய தண்ணீர் வற்றி உப்புப் பூத்து, செடி முளைக்காத பொட்டலாயிற்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஏற்றத் தண்ணீர் வந்து வடிய வழி பிறந்ததும் கன்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கியபோது, அலையாத்திக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வாய்க்காலை அடைத்தால் காடு சாகும். வாய்க்காலைத் திறந்தால் காடு பிழைக்கும். மான்குர்துக்கும் பிச்சாவரத்துக்கும் இது பொது விதி.

ஜனதா காலனிச் சிறுவர்கள்

மான்குர்த் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்து, 1960-களில் பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்து, தச்சு வேலை செய்து, தெருவில் படுத்து வளர்ந்தவர் ஜோக்கின் அற்புதம். ஜனதா காலனியில் குப்பை மலைபோல் குவிந்தும் மாநகராட்சி எடுக்க வரவில்லை. மனுக் கொடுத்துச் சலித்த அவர், காலனிச் சிறுவர்களைப் பெருங்கூட்டமாகத் திரட்டினார். ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கட்டிக்கொண்டு ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலகத்தின் வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகே காலனிக்குக் குப்பை அள்ளும் ஏற்பாடு பிறந்தது.

1976-ல் காலனியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தில் கற்றதைக் கொண்டு தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தார். நடைபாதையிலும் குடிசையிலும் வாழும் பெண்களின் 'மகிளா மிலன்' சேமிப்புக் குழுக்களோடு சேர்ந்து, மும்பையில் பொதுக் கழிப்பிடங்கள் கட்டி மக்களே பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டார். 2000-ல் மகசாசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 2018 அக்டோபரில் மறைந்தார். அவருடைய அந்த வேலை நேரடியாகக் கழியைப் பற்றியது அல்ல. ஆனால் கரையோரத்தில் ஒரு நல்ல கழிப்பிடம் எழுந்தால் அத்தனை அசுத்தம் கழியில் சேராமல் தடுக்கப்படுகிறது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். குப்பை அள்ளப்படும் சந்தில் சாக்கடை அடைபடாது. சாக்கடை அடைபடாத இடத்தில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராது.

மேற்குக் கரையிலும் இப்படி ஒன்று நடந்தது. வெர்சோவாக் கடற்கரையில் 2015 அக்டோபரில் அப்ரோஸ் ஷா என்ற வக்கீல் குப்பை பொறுக்கத் தொடங்கினார். வாரந்தோறும் ஆட்கள் சேர்ந்தார்கள். 2018 மார்ச்சில் அதே கரையில் ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்து கடலுக்கு ஊர்ந்து போயின. பொறுக்கிய இடத்தில் மறுபடியும் குப்பை வந்து சேருவது நிற்கவில்லை என்பதும் உண்மை. கரையில் பொறுக்குவதைவிட, சாக்கடை வாயிலேயே குப்பையைத் தடுப்பது மேல் என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது.

தாராவிக்காரர்களுக்கு இன்னும் அருகிலேயே சான்று இருக்கிறது. மாஹிம் கழியோரத்தில் இன்று மரங்கள் அடர்ந்து நிற்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பை கொட்டிய மேடு. 1980-களில் கன்று நட்டு, 1994-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். குப்பைமேடு என்றால் நிரந்தரமாகக் குப்பைமேடு என்று தலையில் எழுதியிருக்கவில்லை.

செய்யக்கூடியவை

கழியைக் காக்கக் கன்று நடுவதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் தடையில்லாமல் வந்துபோனால் விதை தானே மிதந்து வந்து முளைக்கும். முதல் வேலை, இருப்பதை அடைக்க விடாமல் பார்த்துக்கொள்வது. இதற்குப் பணம் தேவையில்லை. கண்ணும் ஒற்றுமையும் போதும்.

கழியோரத்தில் லாரி மண் கொட்டினால், தேதி, நேரம், இடம், வண்டி நம்பர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கையிலுள்ள போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். தனி ஆளாக லாரியை மறிக்கப் போவது ஆபத்து, அது வேண்டாம். வனத்துறையின் அலையாத்திப் பிரிவு, எம் கிழக்கு வார்டு அலுவலகம், போலீஸ் நிலையம் ஆகிய மூன்று இடத்துக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ நம்பரோ வாங்குவது முக்கியம். ஒருவர் பெயரில் கொடுப்பதைவிடச் சங்கத்தின் பெயரில், பல கையெழுத்தோடு கொடுத்தால் பலமும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. கொங்கண் மண்டல ஆணையர் தலைமையில் அலையாத்திப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. கீழே பதில் வராவிட்டால் அங்கே எழுதலாம். ஆபீசில் நாள் முழுவதும் கடிதம் எழுதும் குமாஸ்தாக்கள், எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்தாலே பெரிய தொண்டு.

அடுத்தது, நிலம் வாங்குமுன் விசாரிப்பது. கழிப் பக்கம் மலிவாக இடம் வருகிறது என்று சொந்தக்காரர் ஆசைப்பட்டால், அது காப்புக் காடா, கடலோர ஒழுங்குமுறைக்குள் வருகிறதா என்று வார்டு அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சங்கங்களும் கோவில் கமிட்டிகளும் திருவிழா மேடையில் பத்து நிமிடம் இதைச் சொன்னால், பத்துக் குடும்பத்தின் பணம் சேற்றில் போகாமல் தப்பும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதுபோல, இதையும் சொல்லிக் கொடுப்பது மூத்தவர்களின் கடமை.

மூன்றாவது, கோலிகளோடு உறவு. மீன் வாங்குவது, விற்பது என்ற அளவிலேயே அந்த உறவு நின்றுவிடுகிறது. கழியின் எந்த வாய்க்கால் எப்போது அடைபட்டது, எந்த இடத்தில் எண்ணெய் மிதக்கிறது என்பதெல்லாம் முதலில் தெரிவது படகில் போகிறவருக்கே. கோலிவாடாவும் குடிசைப் பகுதியும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் அந்த மனுவை ஒதுக்குவது எளிதல்ல.

கழியைக் காப்பது குடிசைவாசிக்கு எதிரான வேலை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். குடிசைவாசிதான் கழிக்கு எதிரி என்று மறு சாரார் சொல்கிறார்கள். இரண்டு பேச்சாலும் பயன் அடைகிறவர்கள் மண் கொட்டி விற்கிறவர்கள் மட்டுமே. வனத்துறையின் காவலர் வாரத்துக்கு ஒரு முறை வரலாம். கோர்ட் ஆண்டுக்கு ஒரு முறை விசாரிக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு லாரியின் சத்தம் கேட்டு விழித்துக்கொள்வது கரையோரத்து வீடுதான். கழிக்குக் காவல் யார் என்ற கேள்விக்கு அந்த வீடு கொடுக்கும் பதிலில்தான் மான்குர்தின் மீனும் மரமும் மட்டுமல்ல, அந்த வீடும் நிலைத்திருக்கிறது.